லெட்டர் ஜெனுயின்தான், மேடம்

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் நீங்கள் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்கிறீர்கள். போர்ட்டல் ஏன் திறக்கவில்லை, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து, டீன் எந்தக் கிழமையில் நல்ல மனநிலையில் இருப்பார் என்றெல்லாம் கேட்கிறீர்கள். போர்ட்டல் என் காலத்திலும் திறந்ததில்லை. படிவங்களை நான் வெளியே வந்த மறுவாரமே மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. டீனுக்கு அப்படி ஒரு கிழமை கிடையாது. ஆகவே இவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

எழுத இருப்பது நான் செய்த ஒரு தப்பு. நீங்கள் மூவரும் நம்ம பக்கத்து ஆட்கள், நான் உட்கார்ந்த அதே பல்கலைக்கழகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆகவே அதே தப்பை நீங்களும் செய்வீர்கள். இந்நேரம் ஆரம்பித்திருப்பீர்கள். அதைச் செய்யும்போது மனதுக்கு ரொம்ப நன்றாக இருக்கும், அதனால் தப்பு என்றே தெரியாது.

உங்களுக்குத் தெரிந்ததை வேறு யாராவது படிப்பார்கள் என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர்களில் சிலருக்கு ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகம் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை கொடுக்கும். இளநிலை மாணவர்களுக்கு அவர்கள் லேப் வகுப்பு எடுக்க வேண்டும். பதிலுக்கு ஃபீஸ் கிடையாது, விசா பல்கலைக்கழகத்துடையது, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் ஒரு தொகை வரும். வேலை போனால் மூன்றும் ஒன்றாகப் போகும். வகுப்பு எடுக்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்க இரண்டு வழி. ஒன்று, ஆங்கிலத் தேர்வு எழுதி மார்க் காட்டுவது. இன்னொன்று, படித்த கல்லூரியிலிருந்து ஒரு லெட்டர் வாங்கி வருவது. இவருடைய பயிற்றுமொழி ஆங்கிலமே என்று பிரின்சிபால் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்திய லெட்டர். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் லெட்டரோடுதான் வருவார்கள்.

அந்த லெட்டரைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நானும் அப்படிப் படித்தவன்தான். புத்தகம் ஆங்கிலம், கேள்வித்தாள் ஆங்கிலம், போர்டில் எழுதுவது ஆங்கிலம். வாத்தியார் வாயைத் திறந்தால், "இப்ப ஆசிட்ட எடுத்து பேஸ்ல ஊத்துறோம். என்னாகும்? சால்ட்டு, கூட வாட்டரு. எழுதிக்கங்க, எக்ஸாமுல வரும்." நாமும் எழுதிக்கொண்டு முதல் வகுப்பில் தேறுவோம். ஆங்கிலத்தில் ஒரு டீ கேட்கச் சொன்னால் முதுகு வியர்க்கும். லெட்டரில் பொய் ஒன்றும் இல்லை. பயிற்றுமொழி ஆங்கிலம்தான், அதை யாரும் பேசவில்லை, அவ்வளவே.

என் மேலாளர் சூடான் நாட்டுக்காரர். பெயர் வேண்டாம், மேடம் என்றே சொல்கிறேன். நீளமான பதில் பிடிக்காது. யாராவது இரண்டாவது வாக்கியம் ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். அவர் வந்த புதிதில் இப்படி ஒரு லெட்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஜெனுயினா?" என்று என்னிடம் கேட்டார். முத்திரை நிஜம், கையெழுத்து நிஜம், கல்லூரியும் இருக்கிற கல்லூரிதான். "ஜெனுயின்தான், மேடம்" என்றேன். அதற்கப்புறம் நம்ம ஊர் லெட்டர் எது வந்தாலும் என் மேசைக்கு வரும், நான் ஒரு டிக் போட்டு அனுப்புவேன். பத்தொன்பது வருடம் அப்படி டிக் போட்டேன்.

முத்துலட்சுமியின் லெட்டருக்கும் நான்தான் டிக் போட்டேன். கமுதிப் பக்கத்துப் பெண். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் நாலு வருடம் வேதியியல் கெஸ்ட் லெக்சரராக இருந்துவிட்டு, அதை ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தாள். ஆகஸ்ட் கடைசி வாரம், கொதிக்கிற வெயிலில், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து நின்றாள். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் ஒன்றைப் பாதி சொன்னாள். என் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். மீதிப் பாதி வரவேயில்லை.

"சார், நீங்க தமிழா சார்?"

"கீழக்கரைம்மா. நீ எந்த ஊரு?"

அவ்வளவுதான். ஏர்போர்ட்டில் ஆரம்பித்துப் பெட்டி தொலைந்த கதை வரை கொட்டித் தீர்த்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இருபத்தாறு வருடம் வெளிநாட்டு ஆபீஸில் உட்கார்ந்தவனுக்குப் பக்கத்து ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் காரியம் எல்லாம் என் காரியம். மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, பேங்க் அக்கவுண்ட் எல்லாவற்றுக்கும் நானே பேசினேன். லேப் பாதுகாப்புப் படிவம் பதினாலு பக்கம். நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் கையெழுத்துப் போட்டாள்.

மீதியை ஷார்ஜா பார்த்துக்கொண்டது. இந்த ஊரில் ஆங்கிலம் இல்லாமல் இருப்பது கஷ்டமே இல்லை, மலையாளம் இல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் முவைலாவில் இரண்டு கேரள நர்ஸுகளோடு ரூம் எடுத்தாள். அவர்கள் மலையாளத்தில் கேட்பார்கள், இவள் தமிழில் பதில் சொல்வாள். கேன்டீன்காரர் பாலக்காடு, லேபில் கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக் கொடுக்கும் அம்மா திருச்சூர். கீழே குரோசரி வைத்திருப்பவர் எங்கள் தெருவிலேயே பெண் எடுத்தவர். வந்து ஒரு மாதம் அந்தப் பெண் வாயில் ஒரு முழு ஆங்கில வாக்கியம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஏற்பாட்டில் பெரும்பங்கு என்னுடையது.

செப்டம்பர் கடைசி வாரம் ஒரு புகார் வந்தது. அவளுடைய லேப் வகுப்பில் இருந்த ஒரு மாணவி எழுதியிருந்தாள். சிரியாக்காரப் பெண், ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவள். மரியாதையான புகார். மிஸ் ரொம்ப நல்லவர். போர்டில் அழகாக எழுதுகிறார். ஆனால் எட்டு மேசைகளிலும் எல்லாச் சோதனைகளையும் அவரே செய்துவிடுகிறார். நாங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோம். நானே செய்கிறேன் என்று கேட்டால் சிரித்துவிட்டு அதையும் அவரே செய்கிறார். எங்களிடம் பேசுவதேயில்லை. ஒரு மாதமாக நான் ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொடவில்லை.

மற்ற மாணவர்கள் யாரும் புகார் செய்யவில்லை. எல்லோருக்கும் முழு மார்க் வந்துகொண்டிருந்தது. எட்டு மேசைச் சோதனையும் ஒரு கெஸ்ட் லெக்சரர் செய்தது, தப்பாக வருமா?

லேப் பொறுப்பாளரான ஜோர்டான் பேராசிரியர் ஒரு நாள் உள்ளே போய் நின்று பார்த்திருக்கிறார். முத்துலட்சுமியிடம் ஐந்தாறு கேள்வி கேட்டிருக்கிறார். அவள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டியிருக்கிறாள். ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. அதையும் எழுதி, புகாரோடு சேர்த்து மேடத்துக்கு அனுப்பிவிட்டார்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் முத்துலட்சுமியின் ஃபைல் திறந்திருந்தது. லெட்டரும் அதன் மூலையில் என் டிக்கும் தெரிந்தன.

"பயிற்றுமொழி ஆங்கிலம் என்று இருக்கிறது. இந்தப் பெண் ஆங்கிலம் பேசவில்லை. லெட்டர் பொய்யா?"

நான் என் டிக்கையே பார்த்தேன்.

"பொய் என்றால் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை மட்டும் இல்லை, அட்மிஷனும் ரத்து. போலிச் சான்றிதழ் என்று வரும். உண்மை என்றால் எனக்குப் பிரச்சினை இல்லை, திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போகட்டும். நீ அந்த ஊர்க்காரன். மத்தியானத்துக்குள் ஒரு வார்த்தையில் சொல்."

என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். உண்மை என்று சொல்லலாம். திங்கட்கிழமை அவள் மறுபடி எட்டு மேசைக்கும் ஓடுவாள், அடுத்த புகார் நேராக டீனுக்குப் போகும், அங்கே யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. பொய் என்று சொன்னால் அன்று சாயங்காலமே அவள் பெட்டியைக் கட்ட வேண்டும். கல்லூரி வேலையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். போலி என்ற வார்த்தை ஃபைலில் ஏறிவிட்டால் வேறெந்தப் பல்கலைக்கழகமும் அவளைத் தொடாது. போதாததற்கு அந்த அலமாரியில் என் டிக்கோடு இன்னும் எத்தனையோ ஃபைல். எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்காக மட்டும் பயந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

மத்தியானம் போய், ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது மேடம் என்று ஆரம்பித்தேன். கண்ணாடியைக் கழற்றினார். நான் நிறுத்தவில்லை. புத்தகம், போர்டு, வாத்தியார், ஆசிட், பேஸ் எல்லாம் சொன்னேன். நானும் அப்படிப் படித்தவன்தான் என்றேன். லெட்டர் பொய் இல்லை, ஆனால் நாம் நினைப்பதை அது சொல்வதில்லை என்றேன். அவருக்கு இது புரிய அரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அரை நிமிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"புத்தகம் ஒரு மொழி, வாத்தியார் வாய் ஒரு மொழி. என் தம்பியும் அப்படித்தான் படித்தான். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? இதைப் பத்தொன்பது வருடமாக ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை, மேடம்."

"கேட்டேன். நீ ஜெனுயின் என்றாய்."

இப்போது சொன்னதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். அலுவலகம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, மாணவி மறைக்கவில்லை, சரிபார்த்தது நான் என்று கடைசி வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் வாசித்துவிட்டு ஃபைலில் வைத்தார். அட்மிஷனில் கை வைக்கவில்லை. எட்டு நாளில் மூன்று பேராசிரியர்கள் முன்னால் முத்துலட்சுமி பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் வேலை நிலைக்கும், தேறாவிட்டால் கலாஸ், எல்லாம் முடிந்தது. வழக்கம்போல் மணி பார்க்கவும் குறிப்பு எழுதவும் நான் உட்கார வேண்டும்.

"இன்னொன்று" என்றார் மேடம். "இந்த எட்டு நாளும் அவளோடு உன் மொழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவளுடைய பாதிப் பிரச்சினை நீதான்."

இதை முத்துலட்சுமியிடம் சொல்ல வேண்டியதும் நான்தான். லைப்ரரிக்குப் பின்னால் நிழலில் ஒரு பெஞ்ச் இருக்கிறது, அங்கே வரச் சொன்னேன். கடைசியாகத் தமிழில் பேசினேன். புகார், எட்டு நாள், பத்து நிமிடம், தேறாவிட்டால் விசா ரத்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். லெட்டரைப் பற்றி மேடத்திடம் உள்ளதைச் சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

"என்ன உள்ளத சார்?"

"நம்ம காலேஜுல கிளாஸ் எப்படி நடக்கும்னு."

"நான் என்ன ஊமையா சார்? நாலு வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன். என் கிளாஸுல ஒரு பய தூங்குனது கிடையாது."

"தெரியும்மா."

"நீங்க படிச்ச காலேஜுலயும் அப்படித்தான சார் நடந்துச்சு?"

"ஆமா."

"உங்க வேல ஒண்ணும் போகலயே."

நான் அடுத்த விஷயத்துக்குப் போனேன். இனிமேல் உன்னோடு தமிழில் பேச மாட்டேன் என்றேன். மேடம் உத்தரவு என்று சொல்லவில்லை. அதை யோசித்தேதான் சொல்லாமல் விட்டேன். உத்தரவு என்றால் அது ஆபீஸுக்குள் மட்டும்தான் என்று இருவருமே நினைத்துக்கொள்வோம், பார்க்கிங்கில் தமிழ், கேன்டீனில் தமிழ், போனில் தமிழ் என்று ஓட்டை போடுவோம். நானே முடிவு செய்தேன் என்றால் அவளுக்கு என் மேல் கோபம் வரும், கோபம் வந்தால் என்னிடம் வர மாட்டாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கவுண்டருக்கு வந்து, "சார், அந்த ரூம் எங்க இருக்கு?" என்றாள். ரூம் எண்ணையும் மாடியையும் ஆங்கிலத்தில் சொன்னேன். என் முகத்தையே பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதற்கப்புறம் வரவில்லை.

போனது எங்கே தெரியுமா? புகார் எழுதிய அந்த சிரியாப் பெண்ணிடம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லேப் முடிந்ததும் அவளைத் தனியாக நிறுத்தி, மொபைலில் மொழிபெயர்த்து எழுதிய ஒரு வாக்கியத்தைக் காட்டியிருக்கிறாள். நான் என்ன சொன்னால் நீ செய்வாய், எனக்குச் சொல்லிக் கொடு, என்று. அந்தப் பெண் அழுதுவிட்டாளாம். புகார் ஒருவருடைய விசா வரைக்கும் போகும் என்று பதினெட்டு வயசில் யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் இருவரும் தினம் ஒரு மணி நேரம் காலி லேபில் நின்றிருக்கிறார்கள்.

அந்த நாள் வந்தது. ரசாயனம் எதுவும் மீட்டிங் ரூமுக்குள் கொண்டுவரக் கூடாது என்று விதி. அவள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே மஞ்சள் தடவிக் காயவைத்த தாள் துண்டுகள், ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழம். எதிரே ஜோர்டான் பேராசிரியர், ஆங்கிலத் துறையிலிருந்து ஒரு அயர்லாந்து அம்மா, கட்டடப் பொறியியல் துறையிலிருந்து வேதியியல் ஒன்றும் தெரியாத ஒரு பாகிஸ்தான் பேராசிரியர். ஓரத்து மேசையில் நான், என் முன்னால் கடிகாரம்.

ஆரம்பித்தாள். மனப்பாடம் செய்த உரை. கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. ஆங்கிலத் துறை அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார், அது நல்ல அறிகுறி இல்லை. இரண்டு நிமிடம் ஒழுங்காகப் போன உரை மூன்றாவது நிமிடத்தில் நின்றது. அதே வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அதே இடத்தில் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சார்" என்றாள். அப்புறம் தமிழில், மெல்ல, "ஒரு வார்த்த எடுத்துக் குடுங்க சார்."

என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கொடுத்தால் அந்த நிமிடமே தேர்வு முடிந்தது என்று எழுதிவிட்டு எழுந்திருப்பார்கள், அது நிச்சயம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது விநாடி. என் வேலைக்காலத்தில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான், அதில் நான் எதுவுமே செய்யவில்லை.

நாற்பது விநாடிக்கு அப்புறம் அவள் ஒரு மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பொறியியல் பேராசிரியரிடம் போனாள். அதை அவர் கையில் வைத்தாள்.

"சார், யூ டூ."

அவர் விழித்தார்.

"ஒன் டிராப். ஒன்லி ஒன். ஸ்லோ. ஸ்டாப். நௌ வெயிட்." அவர் சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டார். தாள் சிவந்தது. "வாட் யூ சீ?"

"ரெட்" என்றார் அவர்.

"வை ரெட்?"

"தெரியவில்லையே" என்றார் ஆங்கிலத்தில்.

"வெரி குட். நௌ யூ ஆஸ்க் மீ."

அவர் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அவள் சொன்னாள். முப்பது நாற்பது வார்த்தைக்குள்தான் மொத்த ஆங்கிலமும், ஆனால் கையும் கண்ணும் தாளும் சேர்ந்து சொன்னதில் அவருக்குப் புரிந்துவிட்டது. எலுமிச்சையைப் பிழிந்து தாளை மறுபடி மஞ்சளாக்கிவிட்டு, கேட்காமலே இன்னொரு தாள் எடுத்துக்கொண்டார். ஆங்கிலத் துறை அம்மா நடுவில் வேகமாக ஒரு கேள்வி கேட்டார். முத்துலட்சுமி தலையை ஆட்டவில்லை. "மேடம், பிளீஸ், அகெய்ன். ஸ்லோலி" என்றாள். அந்த அம்மா பேனாவை எடுத்து எதையோ எழுதினார். பத்து நிமிடம் ஆனதும் நான் மணியை அடித்தேன்.

முடிவு இப்படி வந்தது. ஆங்கிலம் போதாது. கற்பிக்கத் தெரிகிறது. இந்த செமஸ்டரில் தனியாக வகுப்பு எடுக்கக் கூடாது, இன்னொருவரோடு சேர்ந்து எடுக்கலாம். வேலை நிலைக்கும், விசா நிலைக்கும், ஜனவரியில் இன்னொரு முறை வர வேண்டும். ஆங்கிலத் துறை அம்மாவின் தாளில் ஒரு வரி இருந்தது: புரியாததைப் புரியவில்லை என்று சொல்கிறார். அதற்குத்தான் அதிக மார்க். முடிவை லெட்டராக நான் தட்டச்சு செய்து அவள் கையில் கொடுத்தபோது முழுவதும் நின்று வாசித்தாள். ஒரு நிபந்தனை என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டாள், எட்டு நாள் முடிந்திருந்தும், ஜனவரியை நினைத்து நான் ஆங்கிலத்திலேயே சொன்னேன். "தேங்க் யூ, சார்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு நிம்மதி, அவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அதற்கப்புறம்தான் மேடம் விதியை மாற்றினார். லெட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விசா போடுவதற்கு முன்னாலேயே எல்லோரோடும் வீடியோவில் பத்து நிமிடம் பேச வேண்டும். நீங்கள் இன்று செய்துகொண்டிருப்பது அதுதான். அலுப்பாக இருக்கிறது என்று உங்களில் ஒருவர் சொன்னார். அலுப்பாகத்தான் இருக்கும், செய்யுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நம்ம ஊர்ப் பிள்ளை திணறினால் தமிழில் எடுத்துக் கொடுக்காதீர்கள். வந்து இறங்கிய பிறகு மெடிக்கலுக்குக் கூடப் போங்கள், டாக்ஸி பிடித்துக் கொடுங்கள், பிரியாணி வாங்கிக் கொடுங்கள். அவர்களுக்காக வாயை மட்டும் திறக்காதீர்கள்.

ஜனவரியில் முத்துலட்சுமி தேறினாள். நன்றாகவே தேறினாள். வெளியே வந்தவளிடம், நான் நாலு மாதம் அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டேன். "இனிமே தமிழ்லயே பேசலாம்மா, ஒண்ணும் பயமில்ல" என்றேன்.

சிரித்தாள். மரியாதையான சிரிப்பு. "இட்ஸ் ஓகே, சார். இங்கிலீஷ் இஸ் ஃபைன்" என்றாள்.

அன்றைக்காவது மேடம் உத்தரவு என்று சொல்லியிருக்கலாம். ஃபைலில் இருக்கும் என் குறிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் சமாதானம் சொல்வதாக இருக்கும் என்று பேசாமல் விட்டேன். அப்புறம் ஒவ்வொரு வருடமும் அது இன்னும் சொல்ல முடியாததாக ஆகிவிட்டது. அவள் பட்டம் முடித்து அங்கேயே ஆராய்ச்சியில் சேர்ந்தாள். தாழ்வாரத்தில் பார்த்தால் நிற்பாள், உடம்பு எப்படி என்று கேட்பாள், எல்லாம் ஆங்கிலத்தில். என் பிரிவு உபசாரத்துக்கும் வந்து, பூங்கொத்து கொடுத்து, ஆங்கிலத்தில் வாழ்த்தினாள்.

நான் இப்போது மகன் விசாவில் இங்கேயே இருக்கிறேன். போன மாதம் முவைலாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு என் மனைவியோடு போயிருந்தேன். காய்கறிப் பக்கம் ஒரு பெண் போனில் யாரையோ பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, நாலு வாட்டி சொல்லியும் ஒறைக்கலயா ஒனக்கு?" அச்சு அசல் கமுதிப் பேச்சு. நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் காது குளிர்ந்துபோனது. அவள் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், போனை அணைத்தாள்.

"ஹலோ, சார். ஹௌ ஆர் யூ? ஹௌ இஸ் யுவர் பிரஷர் நௌ?"

நன்றாக இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மனைவிக்கும் ஒரு ஹலோ சொல்லிவிட்டு, டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"யாரு மச்சான் அந்தப் புள்ள?" என்றாள் மனைவி.

"ஆபீஸுல தெரிஞ்ச பொண்ணு."

"நம்ம பக்கத்துப் புள்ளதானே? இப்பதான் தமிழ்ல அந்தப் போடு போட்டுக்கிட்டு இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இங்கிலீஷுல பேசிக்கிட்டீங்க?"

"அந்தப் பொண்ணு வேல போயிடக்கூடாதுன்னு ஆரம்பிச்சது" என்றேன்.

"போயிருச்சா?"

"போகல."

"அப்புறம் என்ன?" என்றாள்.

நான் தயிர் இருக்கும் பக்கம் டிராலியைத் திருப்பினேன்.